அட்டையில எழுத்து இருந்தா போதுமா?

இணையத்துல போடுற புத்தகக் கவர்லயே தலைப்பும் ஆசிரியர் பேரும் பெருசா இருக்கு, ஸ்க்ரீன் ரீடர் (பார்வை இல்லாதவங்களுக்குத் திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற மென்பொருள்) அதைப் படிச்சிடும், தனியா ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தோட சேர்த்து எழுதி வைக்கிற விவரிப்பு) வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. அது அப்படி இல்லீங்க. நம்ம கண்ணுக்குத்தான் அது எழுத்து, ஸ்க்ரீன் ரீடருக்கு மொத்த அட்டையும் ஒரே படம். அது படிக்கிறது ஆல்ட்ல நாம எழுதி வெச்சதை. அங்க ஒண்ணுமே இல்லன்னா சும்மா "இமேஜ்"னு சொல்லும், இல்ல கண்டுக்காம தாண்டிப் போயிடும், படத்துல லிங்க் வேற இருந்தா சில சமயம் ஐஎம்ஜி 2047-ன்னு ஃபைல் பேரையே ஒப்பிக்கும். இப்ப சில போன் படத்துல இருக்கிற எழுத்தை யூகிச்சுப் பார்க்கும்தான், ஆனா நம்ம டிசைனர்ங்க வளைச்சு நெளிச்சு எழுதுற தமிழ் லெட்டரிங்ல அதை நம்பி விட முடியாது.

நீங்களே பாக்கலாம். விண்டோஸ்ல கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூணையும் சேர்த்து அழுத்துனா நரேட்டர்ங்கிற ஸ்க்ரீன் ரீடர் ஓடும் (நிறுத்தவும் அதேதான்), ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல ஆக்சசிபிலிட்டி போய் அதோட ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக்கை ஆன் பண்ணுங்க, ஆல்ட் இல்லாத ஒரு கவர் மேல விரலை வெச்சுட்டு கண்ணை மூடிக் கேளுங்க. அப்புறம் அதே கவருக்கு தலைப்பு, ஆசிரியர் பேரோட "மஞ்சள் பின்னணியில ஒத்தைப் பனைமரம், அடியில சாய்ஞ்சு நிக்கிற சைக்கிள்"னு ஆல்ட்ல போட்டு இன்னொரு தடவை கேளுங்க. டபிள்யூசிஏஜி (இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்துற மாதிரி அமைக்கிறதுக்கான சர்வதேச வழிகாட்டி) 1.1.1 விதி கேக்குறதும் இதைத்தான், படத்துக்கு ஈடா எழுத்து.