முப்பத்தொன்றாவது பிள்ளை

ஏப்ரல் 16 அன்று லண்டனில் மகளுக்குக் கேட்ட பள்ளியில் இடமில்லை என்று மெயில் வந்தது. அந்தப் பள்ளி மணி எங்கள் அடுப்படிவரை கேட்கும்! அக்கா, அண்ணன் ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளுக்கு முதலிடமாம். எங்களுக்கோ இதுதான் தலைப்பிள்ளை.

சரியென்று அப்பீல் போட்டோம். வேறு பள்ளி என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், அம்மம்மாவுக்கு முழங்கால் வலி என்று மூன்று பேர் குழு முன்னால் ஒப்பாரி வைக்காத குறை. ரிசப்ஷன் என்கிற பள்ளியின் முதல் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான், அது சட்டம். கவுன்சில் விதியைத் தப்பாகப் போட்டதா, முடிவு அநியாயமா, அவ்வளவுதான் பார்ப்பார்களாம். முழங்கால் எந்த விதியில் வரும்?

வெயிட்டிங் லிஸ்ட்டில் போன வாரம் 3ஆம் இடம். எங்களைவிடப் பள்ளிக்குப் பக்கத்தில் யாரோ குடிவந்துவிட்டார்கள். இப்போது 4.