பிரேக் தயாரிப்பவரை ஏன் கடைசியில் கூப்பிடுகிறீர்கள்?

சீசன் நாளில் குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இருக்கும் பர்லியாருக்குப் போனால், புகையும் சக்கரத்தின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். (ஊற்றாதீர்கள் ஐயா, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் கோணிவிடும், விரிசலும் விடலாம்.) இரண்டாவது கியரில் இறங்கத் தெரியாமல் பிரேக்கையே மிதிக்கும் ஓட்டுநர் என்று எல்லோரும் அவரைத் திட்டுவார்கள். பாதி நியாயம். மீதித் தப்பு காரை வடிவமைத்த மேசையில் நடந்தது என்பது குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் என் கட்சி.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் கீழே வந்தால் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரம். இன்ஜினும் காற்றும் எடுத்துக்கொண்டது போக, மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. அதைத் தாங்க டிஸ்க் பெரிதாக வேண்டும். ஆனால் அது வீலுக்குள் அடங்கியாக வேண்டுமே!

அந்த வீல் அளவைத்தான் கார் நிறுவனங்கள் அழகையும் விலையையும் பார்த்து முதலிலேயே முடித்துவிடுகிறார்கள். பிறகு வரைபடத்தை நீட்டி, 'இதற்குள் பிரேக் வேண்டும், யார் குறைந்த விலை?' என்று டெண்டர் விடுகிறார்கள். இலை போட்டுவிட்டுச் சமையல்காரரைத் தேடுகிற கதை. பிரேக் தயாரிப்பவருக்கு மிஞ்சுவது பேடின், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையின், கலவை மட்டும். சூடு தாங்கும் கலவையைப் போட்டால் கீச்சிடுகிறது என்று புகார் வரும். புகார் வராத கலவையைப் போட்டால், டிஸ்க் நீலம் பாய்ந்து, பேட் இறுகிப் பளபளத்து என் பட்டறைக்கு வரும்.

டொயோட்டாவில் கார் காகிதத்தில் இருக்கும்போதே உதிரிபாக நிறுவனத்தின் பொறியாளர் வடிவமைப்பு அலுவலகத்தில் வந்து உட்காருகிறார். பல பாகங்களுக்கு வரைபடம் போடுவதே அவர்கள்தான். டொயோட்டா ஒப்புதல் தருகிறது. அமெரிக்காவின் கிறைஸ்லரும் 1990களில் சப்ளையரை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. பேரம் பேசும் பிடி போய்விடும் என்று கொள்முதல் பிரிவு முனகும். போகட்டுமே. அச்சுகள் தயாரான பிறகு வீலையும் டிஸ்க்கையும் மாற்றுகிற செலவுக்கு முன் அந்தப் பேரம் எம்மாத்திரம்?

மின்சாரக் காரில் கதை இன்னும் வேடிக்கை. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், பேட் தேயாது என்கிறார்கள். சரி, ஊட்டி விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கினால்? நிறைந்த பேட்டரி மேற்கொண்டு வாங்காது. சுமை மறுபடி பேட் தலையில்தான் விழும். பேட்டரி, மோட்டார், பிரேக் தயாரிக்கும் மூவரும் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசினார்களா என்று ஷோரூமில் கேட்டால் விற்பனையாளர் திருதிருவென்று விழிப்பார். ஆனாலும் கேளுங்கள்.