நூலகம் என்று எழுதியிருந்த அந்த நீலக் கட்டம்

எங்கள் பகுதியில் பொது நிலத்தில் வரப்போகும் திட்டத்தின் முதல் வரைபடத்தில் ஓர் இடத்தில் "நூலகம்" என்று எழுதியிருந்தது. நீல நிறத்தில் ஒரு கட்டம், பக்கத்தில் சில மரங்கள், வாசலில் சாய்தளம். அதைப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. கூட்டத்துக்கு வந்திருந்த பல பேர் அந்தக் கட்டத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து வந்த இரண்டாவது வரைபடத்தில் அதே கட்டத்தின் பெயர் "பல்நோக்கு அரங்கம்". மூன்றாவது வரைபடத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. வேலை தொடங்கப் போகிறது என்று மட்டும் சொன்னார்கள்.

எந்தக் கூட்டத்தில் பெயர் மாறியது? யார் முன்மொழிந்தது? என்ன காரணம் பதிவாகியிருக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் இன்றுவரை பதில் இல்லை. மன்ற உறுப்பினரைக் கேட்டால் அதிகாரியைக் கேளுங்கள் என்கிறார். அதிகாரியைக் கேட்டால் கோப்பு மேலே போயிருக்கிறது என்கிறார். மனுவுக்கு வந்த பதிலில் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே ஒரு வரி. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படிக்கும் பல பேருக்கு இது தங்கள் ஊர்க் கதையாகவே தோன்றும் என்பது எனக்குத் தெரியும்.

வளர்ச்சிப் பணி வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. சாலை வேண்டும், வடிகால் வேண்டும், வணிக வளாகம்கூட வரட்டும். ஆனால் பொது நிலத்தில் பொதுப் பணத்தில் ஒன்று கட்டப்படும்போது, அதைப் பற்றிய தாள்கள் முடிவெடுக்கும் முன்பே மக்கள் கைக்கு வர வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்பவரை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்லி வாயை அடைக்கும் வழக்கம் முதலில் நிற்க வேண்டும்.

திட்டத்தில் செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தால் முதலில் கைவைப்பது ஏன் எப்போதும் நூலகத்தில்? நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். கடைகள் வாடகை தரும். வாகன நிறுத்தம் கட்டணம் தரும். அரங்கத்தை நிகழ்ச்சிகளுக்கு விடலாம். நூலகமோ மாதாமாதம் பணம் கேட்கும். நூலகர் சம்பளம், மின்சாரம், நாளிதழ், புதுப் புத்தகம் என்று செலவு வந்துகொண்டே இருக்கும், வரவு எதுவும் இருக்காது. வரவு செலவை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அது ஓட்டைப் பாத்திரமாகத்தான் தெரியும்.

இந்தச் சிக்கலை அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி அன்றே புரிந்துவைத்திருந்தார். 1883 முதல் 1929 வரை அவருடைய பணத்தில் உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. ஆனால் அவர் சும்மா பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இடத்தை ஊர் தர வேண்டும். கட்டடத்துக்கு அவர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த ஊர் தன் வரிப் பணத்திலிருந்து ஒதுக்க வேண்டும். அந்த உறுதியைக் கொடுத்தால்தான் பணம். எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி இதுதான், நானும் கேட்கவில்லை: கட்டிய பிறகு நடத்துவது யார், எந்தக் கணக்கிலிருந்து? கட்டடத்துக்கு மட்டும் தொகை ஒதுக்கி, நடத்தும் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத மதிப்பீட்டைப் பார்த்தால், அந்த நூலகம் திறப்பு விழாவுக்காக மட்டும் வருகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்தச் செலவுக்கு ஒரு வழியைச் சட்டமே செய்து வைத்திருக்கிறது. நூலகத் துறை முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனின் நீண்ட உழைப்பால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இப்போது அது சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகவே காட்டியிருப்பார்கள். உள்ளாட்சி அமைப்பு இந்தப் பணத்தை மக்களிடம் வாங்கி நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நிலுவை வைத்திருப்பதாகச் செய்தி அடிக்கடி வருகிறது. ஆக, நூலகத்துக்குப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால், இங்கே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: எங்களிடம் வாங்கிய நூலக வரி எவ்வளவு, அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது? இரண்டே இரண்டு எண்கள். அதைச் சொல்வதற்கு எந்தப் பரிசீலனையும் தேவையில்லை.

சரி, பெயர் மாறினால் என்ன, பிறகு அரங்கத்தின் ஒரு பக்கத்தில் புத்தகம் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அவருக்குப் பதில் சொன்னவர் எங்களோடு வந்திருந்த ஒரு கட்டடத் தொழிலாளி. "புத்தகம் எவ்வளவு கனம் தெரியுமா சார்? அலமாரி நிறைய அடுக்கினா தளம் தாங்கணும்ல" என்றார். வீட்டுக்கு வந்து விதிமுறையைப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. இந்தியத் தர விதிப்படி வீட்டு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 200 கிலோ எடை) பளுவைக் கணக்கில் எடுத்தால் போதும். புத்தக அடுக்கு அறைக்குக் குறைந்தது 6 வேண்டும், அலமாரியின் உயரம் கூடக் கூட அதுவும் கூடும். மக்கள் கூடும் அரங்கத்துக்கு 4 அல்லது 5. அதாவது, வரைபடத்தில் ஒரு சொல்லை மாற்றினால் தூணும் தளமும் கம்பியும் சேர்ந்து மாறுகின்றன. கான்கிரீட் போட்ட பிறகு மாடியில் நூலகம் வேண்டும் என்று கேட்டால், அது முடியாது என்ற பதிலை உண்மையாகவே சொல்லிவிடுவார்கள்.

"பொதுமக்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று அந்தக் கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அதைச் சொன்னவர் அந்தத் தொழிலாளியின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு பகுதியில் குடியிருப்பவர்களில் கணக்காளர் இருப்பார், மின் பணியாளர் இருப்பார், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எவ்வளவு அகலக் கதவு வேண்டும் என்று அளவோடு சொல்லக்கூடிய தாய் இருப்பார். இத்தனை அறிவும் இலவசமாகக் கிடைக்கிறது. நேரத்தோடு தாளைக் கொடுத்தால் போதும்.

நேரம் என்று சொன்னேன் அல்லவா, என் மனக்குறை எல்லாம் அதில்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்றதும் விண்ணப்பம் எழுதி 30 நாள் காத்திருப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு யாரும் கேட்காமலே செய்ய வேண்டியதைச் சொல்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புள்ள எல்லா விவரங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது. நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுபவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நீலக் கட்டத்தின் பெயர் மாறிய காரணத்தை நாங்கள் மனு போட்டுக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. அதை எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது அவர்கள் கடமை.

இது எங்கும் நடக்காத கனவு கிடையாது. கலிபோர்னியாவில் 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி, உள்ளாட்சி மன்றத்தின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொதுவில் ஒட்டிவிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில், அவசரம் போன்ற சில விலக்குகள் தவிர, முடிவெடுக்க முடியாது. இங்கிலாந்தில் நிகழ்ச்சி நிரலும் அதனோடு வரும் அறிக்கைகளும் கூட்டத்துக்கு 5 முழு வேலை நாட்களுக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும். அங்கே எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. ஆண்டுதோறும் 30 வேலை நாட்களுக்கு மன்றத்தின் கணக்கைத் திறந்து வைக்கிறார்கள். அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போய்க் கணக்கு, பில், ஒப்பந்தம் எல்லாவற்றையும் பார்க்கலாம், தணிக்கையாளரிடம் கேள்வியும் கேட்கலாம். அந்த நாடுகளில் தவறே நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தால் எந்தத் தாளில் தேடுவது என்பதாவது அங்கே தெரியும்.

வெளிநாடு வரை போக வேண்டியதும் இல்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு 1994இல் மக்கள் விசாரணைகளைத் தொடங்கியது. பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும் வருகைப் பதிவையும் ஊர் நடுவே உட்கார்ந்து உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பட்டுவாடா என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எழுந்து, அந்த வேலையில் நான் இருந்தேன், இந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை என்று சாட்சி சொன்னார்கள். இப்படிப்பட்ட தாள்களைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996இல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். இன்று நம் கையில் இருக்கும் 2005 சட்டத்துக்கு வழி போட்டவர்கள் அவர்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற அவர்களுடைய முழக்கத்தை நினைக்கும்போதெல்லாம், ஏசி அரங்கில் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தயங்கிய என் மேல் எனக்கே வருத்தம் வருகிறது.

எதையும் மறைக்கவே கூடாதா என்று கேட்டால், சில விஷயங்களுக்கு நியாயம் உண்டு. டெண்டர் திறக்கும் வரை விலைப்புள்ளி முத்திரைக்குள் இருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் போட்டியே இருக்காது. நிலம் வாங்கப் பேசிக்கொண்டிருக்கும்போது தாங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை வெளியே சொன்னால் பொதுப் பணம்தான் நஷ்டம். ஊழியர்களின் சொந்த விவரங்களும் யாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் டெண்டர் முடிந்து வேலை கொடுத்தாகிவிட்ட பிறகும் ஒப்பந்தத்தைக் காட்ட மறுப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? நான் கேட்டுப் பார்த்தேன். "நடைமுறை" என்றார்கள். எந்த விதியில் அந்த நடைமுறை இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

முன்கூட்டியே மக்களைக் கேட்டால் வேலை தாமதமாகும் என்பது இன்னொரு வாதம். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த 'ஓடி' (Oodi) என்ற நூலகத்தைப் பாருங்கள். கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, அந்த நூலகத்தில் என்ன வேண்டும் என்று நகரத்து மக்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கே இன்று தையல் மெஷின் இருக்கிறது, இசைப் பயிற்சி அறை இருக்கிறது, குழந்தைகளுக்கு ஒரு தளத்தில் பெரிய இடமே இருக்கிறது. கேட்ட காலம் வீணாகவில்லை. கேட்காமல் கட்டிப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அப்புறம், இந்த விஷயத்தில் நூலகத்தை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் புத்தக ஆசை மட்டும் காரணமில்லை. மன்றத்தின் நிகழ்ச்சி நிரல், தீர்மானப் புத்தகத்தின் நகல், ஆண்டு வரவு செலவு, திட்ட வரைபடம் இவற்றையெல்லாம் ஒரு சாதாரண மனிதர் எங்கே போய்ப் பார்ப்பார்? அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், ஏன் கேட்கிறீர்கள், நீங்கள் எந்தக் கட்சி என்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நூலகத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மேசையில் இருக்கும், உட்கார்ந்து படிக்கலாம், புரியாத சொல்லுக்குப் பக்கத்து அலமாரியில் அகராதி இருக்கும். சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐஃப்லாவும் யுனெஸ்கோவும் சேர்ந்து 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கையும், பொது நூலகத்தை அந்தப் பகுதியின் தகவல் மையமாகத்தான் பார்க்கிறது. "நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்பது 1931இல் ரங்கநாதன் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது. ஊரின் கணக்கும் அப்படிப் பயன்படுத்துவதற்கான ஒரு நூல்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் எங்கள் புது மனுவில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வரைபடங்களின் நகலையும், பெயர் மாற்றிய தீர்மானத்தையும், கட்டும் செலவோடு நடத்தும் செலவும் சேர்ந்த மதிப்பீட்டையும் கேட்டிருக்கிறோம். இனி ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் ஒரு வாரம் முன்னதாக வெளியே ஒட்டப்பட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். இந்தத் தாள்கள் வந்த பிறகு, பல்நோக்கு அரங்கம்தான் இப்போது அவசியம் என்று கணக்கோடு காட்டினால் நான் ஏற்றுக்கொள்வேன். மனது வலிக்கும், ஆனாலும் ஏற்றுக்கொள்வேன். காரணம் தெரியாமல் ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

கையெழுத்துப் போட வந்தவர்களில் ஒரு பாட்டி, தனக்குப் படிக்க வராது என்று முதலில் தயங்கினார். பிறகு அந்தப் பழைய படத்தைப் போனில் காட்டச் சொன்னார். நீலக் கட்டத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல பிள்ளைங்க உட்கார இடம் எங்கப்பா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கப் போகிறோம்.