டாடா உப்பு பாக்கெட்டும் அம்மாவின் ஜாடியும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டிருந்தார். "பாக்கெட் உப்பில் சயனைடு! உடனே கல் உப்புக்கு மாறுங்கள்!" அதற்குக் கீழே என் அத்தை மகள், "சரி மாமா, நாளையிலேர்ந்து வண்டியில வர்ற உப்புதான்" என்று பதில் போட்டிருந்தாள். அவளுக்கு இது நாலாவது மாதம். வண்டி உப்பில் அயோடின் கலந்திருக்காதே, வயிற்றுப் பிள்ளைக்கு அது வேண்டுமே என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று அவளிடம் போனில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சயனைடு. பாக்கெட்டின் பின்பக்கம் 536 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. உப்பு கட்டி தட்டாமல் உதிரியாக இருக்கச் சேர்ப்பது. பெயரில் சயனைடு இருக்கிறதே தவிர, அது இரும்போடு இறுகப் பிணைந்து கிடக்கிறது, சமையல் சூட்டில் பிரிந்து வராது. ஒரு கிலோ உப்பில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதியும் இருக்கிறது.

இப்போது அந்த பாக்கெட்டின் கதைக்கு வருகிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உப்பு என்றால் சாக்கில் வருவதுதான். தெருவில் வண்டிக்காரர் கூவுவார், அம்மா படியால் அளந்து வாங்கிப் பீங்கான் ஜாடியில் கொட்டுவார். ஐப்பசி பிறந்தால் ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். கல் உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுப்பதால் வருவது அது. அந்த வீட்டுக்குள் ஒருநாள் அப்பா டாடா உப்பு பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். மழை நாளிலும் மணல் மாதிரி உதிர்ந்தது. அம்மா அதைச் சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குழம்புக்கு ஜாடியையே நம்பினார்.

அந்த உப்பு வந்த ஊர் மிதாப்பூர். குஜராத்தில் துவாரகைக்குப் பக்கம். குஜராத்தியில் உப்புக்கும் இனிப்புக்கும் ஒரே சொல்தான், அதனால் நம் மொழியில் அதை உப்பூர் என்று சொல்லலாம். (ராமநாதபுரம் பக்கம் நமக்கே ஓர் உப்பூர் உண்டு.) அந்தக் கடற்கரை அப்போது பரோடா சமஸ்தானத்தில் இருந்தது. 1920களில் கபில்ராம் வக்கீல் என்ற வேதியியலாளர், மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவோடு அங்கே உப்பளம் தொடங்கினார். 1939-ல் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனம் வந்தது. அவர்கள் செய்ய நினைத்தது கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சோடா சாம்பல். சாப்பாட்டு உப்பைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. மழை குறைந்த பகுதி அது. ஆலையின் கொதிகலன்களுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் வேண்டும், கண்ணுக்கு எட்டிய தூரம் இருப்பதோ கடல். சரி, கடல்நீரையே காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீரைப் பிரித்தபின் கையில் மிஞ்சியது மிகச் சுத்தமான உப்பு. அந்த உப்பில் அயோடின் சேர்த்து, 1983-ல் நாடு முழுக்க பாக்கெட்டில் விற்க ஆரம்பித்தார்கள். தண்ணீர்ப் பஞ்சம் வந்த இடத்தில் பிறந்த உப்பு இது.

விளம்பரங்களில் நமக்கு மனதில் நின்றது அதன் வெண்மையும், பிறகு வந்த 'தேசத்தின் உப்பு' என்ற வாசகமும்தான். என்னைக் கேட்டால், அந்த பாக்கெட்டில் பெரிய விஷயம் கண்ணுக்கே தெரியாத அயோடின்.

அதை இந்த நாட்டுக்குப் புரியவைத்தவர் ஒரு மருத்துவர், வி. ராமலிங்கசுவாமி. இமயமலை அடிவாரத்தில் ஊர் ஊராக மக்களுக்குக் கழுத்தில் கழலை, அதாவது தைராய்டு சுரப்பியின் வீக்கம், இருந்தது. மழையும் வெள்ளமும் மண்ணிலிருந்து அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்டதால் வந்த வினை. 1956-ல் அவரும் அவர் குழுவினரும் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்கு வெறும் உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் போன இடங்களில் கழலை நன்றாகக் குறைந்தது. வெறும் உப்பு போன இடத்தில் குறையவில்லை. அப்புறம் அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 1980களில் தனியாரும் அயோடின் உப்பு தயாரிக்க அரசு வழிவிட்டது. டாடா உப்பு நடந்தது இந்தப் பாதையில். பாதை போட்டவர்கள் வேறு.

கழலை வெளியே தெரிவது. வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்குத் தாயிடமிருந்து அயோடின் போதாமல் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போன பிறகு "மந்தமா இருக்கான்" என்று யாரோ சொல்வார்கள். யாருக்கும் உப்பு நினைவுக்கு வராது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. எழுபது வருடம் வாழ்ந்தாலும் மொத்தம் ஒரு தேக்கரண்டி வராது.

"கடல் உப்புதானே, அதிலேயே அயோடின் இருக்காதா?" என்று அவளும் கேட்டாள். கடல்நீரில் இருப்பதே மிகக் கொஞ்சம். பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அதிலும் பெரும்பகுதி தங்குவதில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் ஊரில் நர்சம்மா, உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கும் மருந்து ஒரு சின்னப் புட்டியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மாவின் ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் வைத்து ஒரு சொட்டு விட்டார். உப்பு நனைந்தது, வெள்ளையாகவே இருந்தது. பக்கத்தில் பாக்கெட் உப்பில் ஒரு சொட்டு. கண் முன்னாலேயே கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது. அம்மா ஒன்றும் பேசாமல் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று தடை வந்து, 2000-ல் நீங்கி, 2006-ல் மறுபடி வந்தது. எந்த உப்பு என்பது அவரவர் விருப்பம், சிறு உப்பளக்காரர்கள் நசுங்கிப்போவார்கள் என்று தடையை எதிர்த்தவர்கள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் நடந்து, ஒரு பிடி உப்புக்காகச் சிறை போனவர்களின் நாடு இது. தூத்துக்குடியில் கொதிக்கும் வெயிலில் உப்பு வாரும் பெண்களின் கையிலிருந்து விலை நழுவி, பாக்கெட் போடுகிறவரிடம் போய்ச் சேருகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதற்கு வழி அயோடினை விடுவது ஆகாது. நம் உப்பிலேயே அயோடின் கலந்து விற்கலாம். மாநில அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனம் ராமநாதபுரம் பக்கம் வாலிநோக்கத்தில் அதைத்தான் செய்கிறது. 2022-ல் 'நெய்தல்' என்ற பெயரில் கடைக்கும் கொண்டுவந்தார்கள். அதில் கல் உப்பும் உண்டு.

அத்தை மகளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீ டாடாதான் வாங்கணும்னு நான் சொல்லலை. கல்லோ தூளோ, அயோடின் கலந்ததான்னு மட்டும் பாரு" என்றேன். வாங்கி வந்ததை மூடி போட்ட டப்பாவில் வைக்கவும் சொன்னேன், ஈரமும் வெயிலும் பட்டால் அயோடின் குறையும். சாயங்காலம் ஒரு படம் அனுப்பினாள். கல் உப்பு பாக்கெட், அதன் மூலையில் அயோடின் கலந்த உப்புக்கான முத்திரை, சிரிக்கிற சூரியன். அதே படத்தைக் குழுவிலும் போட்டிருந்தாள். சித்தப்பா இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பேசப் போகிறேன்.