சோம்ப்ரேரோ போட்டா கௌபாய் இல்லையாமே

வெள்ளிக்கிழமை நடந்தது இன்னும் மனசுல ஆறல. போன பதிவுல போட்டோவோட எழுதியிருந்தேன், அதுக்கு நிறைய பேர் கமென்ட்ல கேள்வி கேட்டிருந்தாங்க, பதில் சொல்றதுக்கு முன்னாடி சுருக்கமா நடந்தத சொல்லிடறேன். ஸ்கூல்ல வெஸ்டர்ன் டே, பக்கத்து வீட்டு மெக்சிகன் குடும்பத்துப் பொண்ணு எஸ்கராமூசாங்கற மெக்சிகன் குதிரை விளையாட்டோட டிரஸ் போட்டு, சோம்ப்ரேரோங்கற அகலமான மெக்சிகன் தொப்பியோட போயிருக்கா, "அழகா இருக்கும்மா, ஆனா இன்னைக்கு கௌபாய் டே, மெக்சிகன் டே இல்லையே"ன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அதுவும் டெக்சஸ்ல, ஒரு காலத்துல மெக்சிகோவா இருந்த சான் அன்டோனியோவுல!

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு தான். கௌபாய் தொழில் கத்துக்கிட்டதே மெக்சிகோக்காரங்ககிட்ட. ஸ்பானிஷ்ல வாகான்னா பசு, வாகேரோன்னா மாடு மேய்க்கிறவர். அந்தப் பேர் வாயில நுழையாம தான் இங்கிலீஷ்ல கௌபாய்க்கு பக்கரூன்னு ஆச்சு, கயிறுக்கான லா ரியாட்டா லேரியட் ஆச்சு, காலுக்கு மேல போடற தோல் உடுப்பு சப்பரேராஸ் சாப்ஸ் ஆச்சு. ரோடியோ, ராஞ்ச், கொரால், லாஸோ, பிராங்கோ, மஸ்டாங் எல்லாமே அங்கருந்து வந்தது தான். "வார்த்தை தானே, கடன் வாங்கிட்டுப் போகட்டும்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். சரி, வார்த்தைய விடுங்க. மாடு 1493ல கொலம்பஸோட ரெண்டாவது பயணத்துல கரீபியனுக்கு வந்தது. குதிரை 1519ல கோர்டெஸோட மெக்சிகோவுல இறங்கினது. நீளக் கொம்பு மாட்டு இனத்த டெக்சஸ் லாங்ஹார்ன்னு பெருமையா சட்டையில போட்டுக்கிறோமே, அதுவும் அந்த ஸ்பானிஷ் மாட்டோட வம்சம் தான்.

சினிமாவுல காட்டுற பெரிய மாட்டு மந்தைப் பயணமெல்லாம் 1860கள்ல தான் ஆரம்பிச்சது. டெக்சஸ்ல இருந்து கேன்சஸுக்கு மாடு ஓட்டின சிஷம் டிரெயில் பாதை 1867. ஆனா பிரிட்டனோட சண்டை போட்ட லூசியானாவோட ஸ்பானிஷ் கவர்னர் கால்வேஸ் படைக்கு சாப்பாட்டுக்காக 1779லயே டெக்சஸ்ல இருந்து ஆயிரக்கணக்குல மாடுங்கள லூசியானா வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்காங்க. கிட்டத்தட்ட 90 வருஷம் முன்னாடி! அப்ப ஓட்டினவங்க யாரு?

அந்தப் பொண்ணோட தாத்தாவப் பத்தி சொல்லணும். நாங்க இங்க வந்த மொத வருஷம், பின்வாசல்ல ஒரு பழைய நாற்காலிய வச்சு எனக்குக் கயிறு வீசக் கத்துக்குடுத்தவர் அவர் தான். வலது கையில பெருவிரல் பாதி தான் இருக்கும். மாட்டுமேல கயிறு விழுந்ததும் அடுத்த முனைய சேணத்துக் கொம்புல சட்டுனு சுத்தணும், அதுக்கு டாலின்னு பேரு, அதுவும் 'தாலே வுவெல்தா', ஒரு சுத்து சுத்துன்னு சொன்னதுல இருந்து வந்தது. நடுவுல விரல் மாட்டினா அவ்வளவு தான். அவர் அப்பா, அவரோட அப்பா எல்லாரும் தெற்கு டெக்சஸ் ராஞ்ச்ல வேலை பாத்தவங்க. விஷயத்தக் கேட்டு அவர் கோவப்படவே இல்ல. தொப்பிய எடுத்து டப்பாவுல வச்சு மூடிட்டார். அதத் தான் என்னால தாங்க முடியல.

"ஸ்பெயின்காரன் மட்டும் யோக்கியமா, அவனும் நிலத்தப் புடுங்கினவன் தானே"ன்னு கேக்கறாங்க. உண்மை தான், மறுக்கல. ஃப்ளோர்ஸ்வில் பக்கத்துல ராஞ்சோ தெ லாஸ் காப்ராஸ்னு ஒரு இடம் இருக்கு, எஸ்பாதா மிஷன்னு ஸ்பெயின் பாதிரியாருங்க நடத்தின குடியிருப்போட மாட்டுப் பண்ணை, 2015ல சான் அன்டோனியோ மிஷன்களோட சேத்து உலக பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சாங்க. அங்க குதிரை ஏறி மாடு மேய்ச்சது மிஷன்ல இருந்த பழங்குடி மக்கள். அதனால தான் சொல்றேன், இந்தத் தொழில் ஸ்பெயின்காரன் பெருமை இல்ல, அந்த மக்கள் உடம்புல பட்ட காயம். கறுப்பின கௌபாய்ங்களப் பத்தி ஏன் பேசலன்னா அது தனியா எழுத வேண்டிய பெரிய கதை, எழுதுவேன்.

"சின்னப் பசங்க விசேஷத்துக்கு இவ்வளவு சீரியஸா"ன்னா, ஆமா சீரியஸ் தான். பசங்க ஞாபகத்துல நிக்கிறதே இந்த மாதிரி விஷயம் தான்.

"நீ இந்தியன், உனக்கென்ன"ன்னு கேட்டவருக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். என் பொண்ணும் அதே கிளாஸ் தான். பார்ட்டி கடையில வாங்கின அட்டைத் தொப்பி, பிளாஸ்டிக் நட்சத்திரம். அவளுக்கு கைதட்டல், அவ கௌபாயாம். நாங்க வந்து ஆறு வருஷம் தான் ஆச்சு. எத்தனையோ தலைமுறையா கயிறு புடிச்ச வீட்டுப் பொண்ணு கௌபாய் இல்லையாம். என் பொண்ணு வீட்டுக்கு வந்து நட்சத்திரத்தக் கழட்டி வச்சுட்டா, நான் ஒண்ணும் சொல்லல.

அந்தப் பொண்ணு போட்டுட்டுப் போனது வேஷம் இல்ல மக்களே. எட்டுப் பொண்ணுங்க ஒருபக்கமா உக்காந்து குதிரைய முழு வேகத்துல விட்டு ஒருத்தர ஒருத்தர் குறுக்க வெட்டிப் போற விளையாட்டோட உடுப்பு அது. அது சேர்ந்த சார்ரெரீயாங்கற மெக்சிகோவோட குதிரை, மாட்டு வித்தை மரப யுனெஸ்கோ 2016ல கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு.

ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பிராக்டிஸ். நாங்க குடும்பத்தோட போறோம். டீச்சரையும் வரச் சொல்லி மெயில் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.