வெள்ளத்தில் நின்ற காரை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்

"வெள்ளத்தில் நின்ற காரை உடனே ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். அப்புறம் அரை கிளட்ச்சில், அதாவது கிளட்ச் மிதியைப் பாதி அழுத்தியபடி, கொஞ்ச தூரம் ஓட்டினால் எல்லாம் காய்ந்துவிடும்." கோலாலம்பூரில் கனமழை பெய்தாலே புலனக் குழுக்களில் இந்தக் குரல்பதிவு சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. இது தவறு. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பெட்ரோல் இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், சாவியைத் திருப்பிய அந்த நொடியிலேயே பிஸ்டனைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். அதுவரை தண்ணீரை வெளியேற்றினாலே பிழைத்திருக்கக்கூடிய இன்ஜின் அது! டிசம்பர் 2021 வெள்ளத்தில் கூரைவரை மூழ்கிய கார்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும்.

கிளட்ச் நனைந்தால் வழுக்கும், உண்மைதான். ஆனால் அரை கிளட்ச்சில் ஓட்டினால் கிளட்ச் தட்டு காய்வதோடு நிற்காது, தேய்ந்து கருகும். உள்ளே போன சேறும் அப்படியே இருக்கும். பல நாள் சும்மா நின்ற காரில் தட்டு துருப்பிடித்து இன்ஜினோடு சுழலும் சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

சரி, என்ன செய்வது? பேட்டரியைக் கழற்றுங்கள். இன்ஜின் எண்ணெயின் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அப்படித் தெரியாவிட்டாலும் ஸ்டார்ட் செய்யாமல், இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.