அம்மாவின் இடுப்பெலும்பும் கறிக்குழம்பின் மீதான பழியும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்தக் குரல்பதிவு இங்கே பலரையும் எட்டியிருக்கும். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் என் அம்மாவைப் பற்றி, "காலமெல்லாம் கறி தின்ற உடம்பு, எலும்பில் இருந்த சுண்ணாம்பெல்லாம் கரைந்துவிட்டது" என்று ஓர் உறவினர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு, "அதனாலதானா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். இல்லை, அதனால் இல்லை.

இறைச்சிப் புரதம் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்துவிடும் என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்களே நம்பினார்கள். புரதம் கூடும்போது சிறுநீரில் கால்சியம் கூடுவது உண்மைதான்; ஆனால் குடலும் அப்போது கூடுதலாகக் கால்சியத்தை உறிஞ்சுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. பிரிட்டனில் ஏறத்தாழ 55,000 பேரைச் சராசரியாகப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2020இல் வெளிவந்தது. பால்கூடச் சேர்க்காத வீகன்களுக்கு, இறைச்சி உண்பவர்களைவிட இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு 2.3 மடங்கு என்றது அது.

உடனே, "அப்படியானால் சைவர்களை ஆட்டுக்கறி தின்னச் சொல்கிறாயா?" என்று சிலர் கிளம்புவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. உடல் எடை, கால்சியம், புரதம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தபோது, முழுவதும் மறையாவிட்டாலும், அந்த வேறுபாடு குறைந்தது. சைவமா அசைவமா என்பதைவிடத் தட்டில் என்ன விழுகிறது என்பதே கேள்வி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு உண்டு; வெறும் கறித்துண்டில் மிகக் குறைவு; ஆட்டுக்கால் சூப்பிலும் நாம் நம்பும் அளவுக்கு இல்லை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் நிறைய உண்டு. பாட்டிமார் கூழ் குடித்தே கடைசிவரை நடந்தார்களே என்பவர்கள், அவர்கள் வெயிலில் களையெடுத்ததையும், அந்த வெயிலில் உடம்புக்குக் கிடைத்த வைட்டமின் டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கறி தின்றாள் என்கிறார்களே, அம்மா எவ்வளவு தின்றார் என்று யாருக்காவது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை துண்டுகளெல்லாம் அப்பாவின் இலைக்கும் எங்கள் தட்டுகளுக்கும் போகும். எல்லாரும் எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருக்கும் மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிரட்டி அம்மா சாப்பிடுவார். பால் எங்களுக்கு, கடுங்காப்பி அவருக்கு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து பெண்களின் எலும்பு வேகமாக மெலிகிறது என்று எந்த மருத்துவரும் அவரிடம் சொன்னதில்லை. இத்தனையும் இருக்க, வலியில் கிடப்பவரின் காதில் விழும்படி அவர் வாயையே குற்றவாளியாக்குவது எனக்குத் தாங்கவில்லை.

தீர்ப்புச் சொன்னவர் வீட்டிலும் அறுபதைக் கடந்த அத்தை இருக்கிறார். அவருக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்தீர்களா, வைட்டமின் டி அளவு பார்த்தீர்களா என்று குழுவிலேயே கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.